எழுந்திருக்க எவ்வளவு பலம் வேண்டும்? முதியோர் உதவிக்கருவிகள் பற்றி ஓர் எளிய விளக்கம்

முதியோருக்கான உதவிக்கருவி என்றதும் பேச்சு இரண்டு பக்கம் ஓடிவிடுகிறது. "அப்பா இன்னும் தடி பிடிக்கிற நிலைமைக்கு வரலை" என்பது ஒன்று. வெளியூரில் இருக்கும் பிள்ளைகள் ஆன்லைனில் பார்த்து அனுப்பிவைக்கும் கடிகாரம், கேமரா, பேசும் பெட்டி இன்னொன்று. முதல் பேச்சில் கருவி என்றால் தோல்வி. இரண்டாவதில், பார்சல் வந்து இறங்கிவிட்டால் கவலை தீர்ந்தது. கருவி எப்படி வேலை செய்கிறது என்பதை இரண்டு பேருமே பார்ப்பதில்லை. அதனால் வாங்க வேண்டியது வாங்க வேண்டிய நேரத்தில் வருவதில்லை. வந்ததோ பரண்மேல் ஏறிவிடுகிறது.

உதவிக்கருவி என்பது ஒருவர் தன் வேலையைத் தானே செய்துகொள்ளத் துணைநிற்கும் எந்தப் பொருளும்தான். உலக சுகாதார நிறுவனம் 2016-ல் மிக அவசியமான உதவிக்கருவிகள் என்று 50 பொருள்களைப் பட்டியலிட்டது. கைத்தடி, குளியலறைக் கைப்பிடி, காது கேட்கும் கருவி, மாத்திரைப் பெட்டி எல்லாம் அதில் இருக்கின்றன. மூக்குக்கண்ணாடியும் இருக்கிறது. நாற்பது வயதில் வெள்ளெழுத்துக்குக் கண்ணாடி போடுகிறவரை யாரும் முடங்கிவிட்டார் என்று சொல்வதில்லை. கைத்தடிக்கும் அதே நியாயம்தான். அந்த நிறுவனமும் யுனிசெஃபும் சேர்ந்து 2022-ல் வெளியிட்ட அறிக்கையின்படி, ஏதாவது ஓர் உதவிக்கருவியாவது தேவைப்படுவோர் உலகில் 250 கோடிக்கும் மேல்.

வரவும் செலவும்

ஒரு குடும்பத்தின் மாத வரவையும் செலவையும் நினைத்துக்கொள்ளுங்கள். உடம்பின் பலம், பார்வை, செவி, நினைவு ஆகியவை வரவு. நாற்காலியிலிருந்து எழுவது, குளிப்பது, படி இறங்குவது ஆகியவை செலவு. இளமையில் வரவு செலவைவிடப் பல மடங்கு. வயது ஏற ஏற வரவு குறைகிறது. செலவு மட்டும் அப்படியே நிற்கிறது, ஏனென்றால் வீடு அதே வீடு, படி அதே படி. வரவு செலவுக்குக் கீழே போகும் நாளில்தான் "ஒரு கை பிடிப்பா" என்று கேட்க வேண்டியிருக்கிறது.

வழி மூன்று. உடற்பயிற்சி, சத்தான சாப்பாடு, கண்புரை அறுவை போன்றவற்றால் வரவைக் கூட்டலாம். இன்னொருவர் கையைப் பிடித்துக் கடன் வாங்கலாம். அல்லது செலவைக் குறைக்கலாம். உதவிக்கருவி செய்வது இந்த மூன்றாவது வேலை.

நாற்காலி விஷயத்தில் இதைக் கண்ணால் பார்க்கலாம். பழைய சோபா ஒன்றில் பாட்டி உட்கார்ந்திருக்கிறார். மெத்தை அமுங்கி, முழங்கால் இடுப்பைவிட மேலே நிற்கிறது. எழ முயலும்போது முதலில் கை இரண்டும் மெத்தையை அழுத்துகின்றன, உடம்பு பின்னால் சாய்கிறது, மறுபடி முன்னால் வருகிறது, மூன்றாவது வீச்சில் எழுகிறார். அவரையே முழங்கால் மடிப்பளவு உயரமான, கை வைத்த மர நாற்காலியில் உட்காரவையுங்கள். பாதத்தைச் சற்று உள்ளே இழுத்து, முன்னால் குனிந்து, ஒரே மூச்சில் எழுந்துவிடுவார். தொடையின் பலம் கூடவில்லை. உடம்பை மேலே தூக்க வேண்டிய தூரம் குறைந்தது, அவ்வளவுதான்.

இன்னொன்றும் இருக்கிறது. வரவு முழுவதையும் ஒரே செலவில் கொட்டிவிட்டால் அவசரத்துக்குக் கையில் ஒன்றும் மிஞ்சாது. முழுப் பலத்தையும் போட்டு எழுகிறவருக்கு, எழுந்த கணத்தில் கால் லேசாகச் சறுக்கினாலும் சமாளிக்க மிச்சம் இருக்காது. ஆகவே "இன்னும் முடிகிறதே, பிறகு எதற்குக் கருவி?" என்ற கேள்வியே பிழை. முடிகிறபோதே செலவைக் குறைத்துவைத்தால்தான் மிச்சம் தங்கும்.

சுருக்கமாக: உதவிக்கருவி உடம்பை மாற்றாது, செய்யும் வேலை கேட்கும் பலத்தைக் குறைக்கும். எவ்வளவு குறைக்கும் என்பது அளவைப் பொறுத்தது.

கைத்தடி: ஏன் எதிர்க்கையில்?

வலது இடுப்போ முழங்காலோ வலித்தால் தடியை எந்தக் கையில் பிடிப்பது? பெரும்பாலோர் வலது கையில் பிடிக்கிறார்கள். இடது கையில்தான் பிடிக்க வேண்டும்.

காரணம் புரிய, ஒரு கதவைக் கீல் பக்கம் கைவைத்துத் தள்ளிப்பாருங்கள். மூச்சு வாங்கும். கைப்பிடிப் பக்கம் தள்ளினால் ஒரு விரல் போதும். சுழலும் இடத்திலிருந்து தள்ளிப் போகப் போகச் சிறு விசையும் பெரிய வேலை செய்யும். இதுதான் நெம்புகோல் தத்துவம்.

நடக்கும்போது ஒவ்வோர் அடியிலும் ஒரு கணம் ஒற்றைக்காலில் நிற்கிறோம். வலது காலில் நிற்கும்போது உடம்பு இடப்பக்கமாகச் சரியப் பார்க்கும். சரியாமல் பிடித்து நிறுத்துவது வலது இடுப்பின் வெளிப்பக்கத் தசை. இடுப்பு மூட்டுதான் கீல் என்றால், இந்தத் தசை கீலிலிருந்து சுமார் இரண்டு அங்குலத்தில் நின்று இழுக்கிறது. கீல் பக்கம் தள்ளுகிறவர் கதைதான். உடல் எடையைப் போல ஏறத்தாழ இரண்டு மடங்கு இழுத்தாக வேண்டும். அந்த இழுப்பும் உடல் எடையும் சேர்ந்து மூட்டின்மேல் இறங்கும்போது, 60 கிலோ ஆளுக்கு ஒவ்வோர் அடியிலும் 150 கிலோவுக்கு மேல் சுமை விழுகிறது.

இப்போது இடது கையில் தடியை ஊன்றினால், அது வலது இடுப்பிலிருந்து சுமார் ஒன்றரை அடி தள்ளி நிற்கிறது. கதவின் கைப்பிடிப் பக்கம் அதுதான். தடியில் ஒரு கிலோ அழுத்தினால் தசைக்கு எட்டொன்பது கிலோ இழுப்பு மிச்சமாகும். வலது கையிலேயே தடியைப் பிடித்தால் இந்தத் தூரம் சுருங்கிவிடும். உடம்பும் வலிக்கிற பக்கமே சாயும். தடியும் வலிக்கும் காலும் சேர்ந்து முன்னால் போக வேண்டும். அதன் பிறகு நல்ல கால்.

வலி இல்லை, தள்ளாட்டம் மட்டும்தான் என்றால் எந்தக் கை வசதியோ அந்தக் கை. அங்கே தடி செய்யும் வேலை வேறு. நிற்கும்போது இரண்டு பாதங்களும் அவற்றுக்கு இடைப்பட்ட தரையும்தான் நம்மைத் தாங்குகின்றன. இதைத் தாங்கு பரப்பு என்பார்கள். மூன்றாவதாக ஒரு புள்ளி ஊன்றியதும் அந்தப் பரப்பு விரிகிறது. உடம்பு ஆடினாலும் பரப்புக்கு வெளியே போகாது.

அளவு எடுப்பது இப்படி. வழக்கமாகப் போடும் செருப்போடு நேராக நிற்கச் சொல்லுங்கள், கைகள் தளர்ந்து தொங்கட்டும். தரையிலிருந்து மணிக்கட்டு மடிப்பு வரை உள்ள உயரமே தடியின் உயரம். அந்த உயரத்தில் பிடித்தால் முழங்கை லேசாக மடங்கியிருக்கும். மரத்தடி என்றால் தலைகீழாகத் திருப்பி, கைப்பிடியைத் தரையில் ஊன்றி, மணிக்கட்டு மடிப்புக்கு நேரே கோடு போட்டு, ரப்பர் புஷ்ஷின் கனத்தைக் கழித்துக்கொண்டு அறுக்கலாம். தடி நீளமாக இருந்தால் தோள் மேலேறி, அழுத்தவே முடியாமல் போகும். குட்டையாக இருந்தால் அந்தப் பக்கமே சாய்ந்து நடப்பார், முதுகு வலிக்கும். தாத்தா விட்டுப்போன தடியை அப்படியே பாட்டி எடுத்துக்கொள்வது பாசமான காரியம்தான், ஆனால் அரை அடி உயர வித்தியாசத்தை அறுத்துச் சரிசெய்யாமல் கொடுக்காதீர்கள்.

துளைகள் உள்ள அலுமினியத் தடியில் பித்தான் முழுக்க வெளியே வந்து மாட்டியிருக்கிறதா என்று ஒவ்வொரு முறை உயரம் மாற்றிய பிறகும் பார்க்க வேண்டும். பாதி மாட்டிய பித்தான், எடை விழும்போது உள்ளே போய்விடும். அடியிலுள்ள ரப்பர் புஷ்ஷைத் திருப்பிப் பாருங்கள். வளையம் வளையமாக வரி தெரிய வேண்டும். வரி தேய்ந்து வழவழவென்று ஆகிவிட்டால், ஈர டைல்ஸில் அது சோப்பு மாதிரி வழுக்கும். புதிய புஷ்ஷின் விலை மிகக் குறைவு. அது இல்லாமல் விழுந்து உடையும் இடுப்பெலும்புக்கு ஆகும் செலவும் வேதனையும் எவ்வளவு என்று சொல்லவே வேண்டாம்.

படியில் ஏறும்போது நல்ல கால் முதலில், பிறகு வலிக்கும் காலும் தடியும். இறங்கும்போது தடியும் வலிக்கும் காலும் முதலில். உடம்பைத் தூக்குவதும் மெல்ல இறக்குவதும் மேல்படியில் இருக்கும் காலின் வேலை என்பதால் இந்த வரிசை.

வாக்கர் இதைவிட அதிகம் தாங்கும், ஆனால் வாங்குவதற்கு முன் வீட்டுக் கதவுகளை அளந்துவிடுங்கள். இரண்டரை அடிக் கதவில் நிலைச்சட்டமும் முழுதாகத் திறக்காத கதவும் போக மிஞ்சும் வழி இன்னும் குறுகல். வாக்கர் கூடத்தில் நிற்க, விழும் வாய்ப்பு அதிகமுள்ள குளியலறைக்குள் சுவரைப் பிடித்துக்கொண்டு போகிறவர்கள் பல வீடுகளில் உண்டு.

குளியலறை: முதலில் சரிசெய்ய வேண்டிய இடம்

ஈரம், சோப்பு, வழவழப்பான டைல்ஸ், உட்கார்ந்து எழுவது, கண்ணை மூடி முகம் கழுவுவது, இரவுநேரத் தூக்கக் கலக்கம், எல்லாம் ஆறடிக்கு நாலடி இடத்தில் கூடுகின்றன. வீட்டில் ஓரிடத்துக்குத்தான் பணம் இருக்கிறது என்றால் அது இங்கே போகட்டும்.

கழிப்பிடத்தின் உயரம் முதல் கணக்கு. தரையிலிருந்து முழங்காலின் பின்மடிப்பு வரை அளந்துகொள்ளுங்கள். இருக்கை அந்த உயரத்திலோ ஓரிரு அங்குலம் கூடவோ இருக்க வேண்டும். குறைந்தால் கழிப்பிடத்தின் மேல் பொருத்தும் உயர்த்தி இருக்கைகள் 2, 4, 6 அங்குலங்களில் கிடைக்கின்றன. "உயரம் கூடினால் நல்லதுதானே" என்று ஆறு அங்குலத்தை வாங்கிவிடக் கூடாது. பாதம் தரையில் பதியாமல் தொங்கினால் உடம்பு முன்னால் வழுக்கும்.

அடுத்தது கைப்பிடி. இதில் நடக்கும் தவறு ஒரே மாதிரியானது: துண்டு போடும் கம்பியையே பிடித்துக்கொள்வது. அந்தக் கம்பி ஈரத்துண்டின் எடைக்காகப் போட்ட சிறு திருகுகளில் நிற்கிறது. சறுக்குகிற ஆளின் முழு எடையும் ஒரு கணத்தில் விழும்போது டைல்ஸோடு கையில் வந்துவிடும். தாங்கு கைப்பிடி 110 கிலோவுக்கு மேல் தாங்க வேண்டும் என்பது பரவலாகப் பின்பற்றப்படும் அளவு. குழாயின் விட்டம் ஒன்றேகாலிலிருந்து ஒன்றரை அங்குலம், அதாவது கை முழுக்கச் சுற்றிப் பிடிக்கிற பருமன். சுவருக்கும் குழாய்க்கும் இடைவெளி ஒன்றரை அங்குலம். அதற்கு மேல் போனால் சறுக்கும்போது முன்கை உள்ளே நுழைந்து முறியக்கூடும். படுக்கைவாட்டில் பொருத்தினால் தரையிலிருந்து 33 முதல் 36 அங்குல உயரம்.

இடத்தைக் கொத்தனாரோ பிளம்பரோ முடிவு செய்ய வேண்டாம். பயன்படுத்தப் போகிறவரையே உட்கார்ந்து எழச் சொல்லுங்கள். எழும்போது அவர் கை தானாக எங்கே போய்ச் சுவரைத் தேடுகிறதோ அங்கே சாக்பீஸால் குறித்துவிடுங்கள். மூன்று முறை செய்தால் மூன்று குறியும் கிட்டத்தட்ட ஒரே இடத்தில் விழும். கைப்பிடி அங்கே.

திருகு டைல்ஸைத் தாண்டிச் செங்கல்லிலோ கான்கிரீட்டிலோ இறங்க வேண்டும். உள்ளே பொள்ளலான ஹாலோ பிளாக் சுவரிலும் எடை குறைந்த ஏஏசி கல் சுவரிலும் சாதாரண பிளாஸ்டிக் பிளக் பிடிக்காது; துளையில் பசை நிரப்பித் திருகைப் பிடிக்கவைக்கும் கெமிக்கல் ஆங்கரோ, சுவரின் மறுபக்கம் வரை போகும் போல்ட்டோ தேவை. காற்றை வெளியேற்றி ஒட்டிக்கொள்ளும் கப் வைத்த கைப்பிடிகளை நம்பாதீர்கள். டைல்ஸ் இணைப்புக் கோட்டின் மேலோ சொரசொரப்பான டைல்ஸின் மேலோ மெல்லக் காற்று புகுந்து, பார்ப்பதற்கு ஒட்டியபடியே இருந்து, பிடிக்கும்போது விட்டுவிடும்.

உட்கார்ந்து குளிக்க வார்ப்பு பிளாஸ்டிக் நாற்காலி போடுவதும் ஆபத்து. ஈரத்தரையில் அதன் கால்கள் வெளிப்பக்கம் விரிந்து சறுக்கும். ரப்பர் புஷ் உள்ள உலோகக் கால் நாற்காலியே சரி.

கதவையும் பாருங்கள். உள்பக்கம் திறக்கும் கதவாக இருந்து, விழுந்தவர் கதவோரமாகவே கிடந்தால் வெளியிலிருந்து திறக்க முடியாது. தள்ளினால் அவரைத்தான் இடிக்கும். கதவை வெளிப்பக்கம் திறக்கும்படி மாற்றுங்கள். வெளியிலிருந்தும் விடுவிக்கக்கூடிய தாழ்ப்பாள் போடுங்கள்.

வெளிச்சத்தைப் பற்றி ஒரு வார்த்தை. அறுபது வயதுக் கண்ணின் விழித்திரைக்கு, இருபது வயதில் கிடைத்ததில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு வெளிச்சமே போய்ச் சேர்கிறது. நமக்குப் போதுமான விளக்கு அவர்களுக்கு அந்திநேரம். கட்டிலிலிருந்து குளியலறை வரை ஆள் நடமாட்டத்தில் தானே எரியும் விளக்குகள், நிலைப்படியின் விளிம்பில் தரையின் நிறத்துக்கு மாறான ஒரு பட்டை நாடா போதும்.

இதுவரை பார்த்த எல்லாவற்றிலும் அடிப்படை ஒன்றே: ஆளை அளந்து, அந்த அளவுக்குப் பொருளைப் பொருத்துவது. காதுக்கும் அதேதான், அளக்கும் கருவிதான் வேறு.

காது கேட்கும் கருவி: சத்தமும் தெளிவும்

"கேட்குது, ஆனா என்ன சொல்றேன்னு புரியலை." வயதானவர்கள் இப்படிச் சொல்லும்போது கவனக்குறைவு என்று நினைத்துவிடுகிறோம். அவர்கள் சொல்வது அட்சரம் பிசகாத உண்மை.

ஓர் ஆர்மோனியத்தில் வலதுகோடிக் கட்டைகள் மட்டும் ஊமையாகிவிட்டன என்று வைத்துக்கொள்ளுங்கள். வயதால் வரும் செவிக்குறைவு பெரும்பாலும் அப்படித்தான்: உள்காதில் உச்ச ஒலிகளை வாங்கும் நுண்மயிர் அணுக்கள் முதலில் பழுதாகின்றன. பேச்சில் அ, ஆ, ஓ போன்ற உயிரொலிகள் கனமானவை, தாழ்ந்தவை, அவை கேட்டுவிடும். க, ச, த, ப போன்ற வல்லின ஒலிகளின் அடையாளம் மெல்லிய உச்ச ஒலியில் இருக்கிறது. அது போய்விட்டால் "கட்டை எடு", "சட்டை எடு", "தட்டை எடு", "பட்டை எடு" நான்கும் ஒன்றுபோலவே காதில் விழும்.

கடையில் நேராக வாங்கிவரும் மலிவான ஒலிபெருக்கி மெஷின் என்ன செய்கிறது? ஆர்மோனியத் துருத்தியை இன்னும் வேகமாக அமுக்குகிறது. நன்றாக இருக்கும் கட்டைகள் அலறும். பழுதான கட்டைகளுக்கு அப்போதும் குரல் போதாது. நாம் காதருகே கத்துவதும் இதே தவறுதான். எதிரே நின்று, முகம் தெரிய, சற்று நிதானமாகப் பேசுவதால் கிடைக்கும் பலன் கத்துவதால் கிடைக்காது.

சரியான கருவிக்கு முதலில் ஆடியோகிராம் எடுக்க வேண்டும். எந்தச் சுருதி எவ்வளவு மெல்லிதாக ஒலித்தாலும் கேட்கிறது என்று குறித்துக் காட்டும் வரைபடம் அது. அதை வைத்து, செவித்திறன் வல்லுநரான ஆடியோலஜிஸ்ட் எந்தச் சுருதியை எவ்வளவு உயர்த்துவது என்று கருவியில் பதிவார். இரண்டு பேருக்கு ஒரே அளவு பொருந்தாது என்பதால், பக்கத்து வீட்டுக்காரரின் கருவியை வாங்கிப் போட்டுப் பார்ப்பது வீண்.

முதல் சில வாரங்கள் மின்விசிறிச் சத்தம், பாத்திரம் உரசும் சத்தம் எல்லாம் எரிச்சலூட்டும். பல ஆண்டுகளாக மூளை இவற்றைக் கேட்கவில்லை. மறுபடி பழக வேண்டும். தினமும் ஒன்றிரண்டு மணி நேரம், முதலில் அமைதியான அறையில் ஒருவரோடு பேசுவதற்கு மட்டும் என்று தொடங்கி நேரத்தைக் கூட்டிக்கொண்டே போகலாம். மூன்றாம் நாளே கழற்றிப் பெட்டியில் வைத்துவிடுவதுதான் வழக்கமாக நடக்கும் நஷ்டம்.

"கீ" என்று விசிலடித்தால், ஸ்பீக்கரில் வந்த ஒலி வெளியே கசிந்து மீண்டும் மைக்கில் புகுகிறது என்று பொருள். காதுக்குள் சரியாக அமரவில்லை, அல்லது காதில் அழுக்கு அடைத்திருக்கிறது. பித்தான் அளவு பேட்டரியின் மேல் ஒட்டியிருக்கும் தாளை உரித்ததும் ஒரு நிமிடம் காற்றில் வைத்துவிட்டுப் போடுங்கள். காற்றிலுள்ள ஆக்சிஜனால்தான் அது வேலை செய்கிறது. இரவில், ஈரத்தை உறிஞ்சும் சிலிக்கா ஜெல் போட்ட டப்பாவில் கருவியை வைத்தால் வியர்வை ஈரம் வற்றும். நம் ஊர் வெயிலுக்கு இது கட்டாயம்.

ஏன் பரண்மேல் ஏறுகிறது?

அமெரிக்காவில் உதவிக்கருவி பயன்படுத்தும் 227 பேரிடம் நடத்தி 1993-ல் வெளியான ஆய்வு ஒன்றில், வாங்கிய கருவிகளில் 29 சதவீதத்துக்கும் மேல் அடியோடு கைவிடப்பட்டிருந்தது தெரிந்தது. காரணங்களில் ஒன்று, தேர்ந்தெடுக்கும்போது பயன்படுத்தப் போகிறவரின் கருத்தைக் கேட்காதது. கருவி மிகச் சுலபமாகக் கையில் கிடைத்துவிட்டதும் ஒரு காரணம். எளிதாகக் கிடைக்கும்போது பொருந்துமா என்று யாரும் பார்ப்பதில்லை. அம்மாவிடம் கேளுங்கள். "என்ன வேண்டும்?" என்று கேட்டால் "ஒண்ணும் வேண்டாம்ப்பா" என்றுதான் வரும். "எந்த வேலை முன்னைவிடக் கஷ்டமா இருக்கு?" என்று கேட்டால் விடை கிடைக்கும்.

பணம் தடையாக இருந்தால், 2017 ஏப்ரலில் தொடங்கிய மத்திய அரசின் ராஷ்ட்ரிய வயோஸ்ரீ யோஜனா இருக்கிறது. வறுமைக்கோட்டுக்குக் கீழே உள்ள, அல்லது மாத வருமானம் 15,000 ரூபாய்க்கு மிகாத 60 வயதைக் கடந்தவர்களுக்குக் கைத்தடி, வாக்கர், சக்கர நாற்காலி, காது கேட்கும் கருவி, கண்ணாடி, பல்செட் ஆகியவற்றை மருத்துவ முகாமில் பரிசோதித்து இலவசமாகத் தருகிறார்கள். கருவிகளைத் தயாரித்து வழங்குவது கான்பூரிலுள்ள அலிம்கோ என்ற பொதுத்துறை நிறுவனம். எங்கே விசாரிப்பது என்று தெரியாவிட்டால் முதியோர் உதவி எண் 14567-க்குக் கட்டணமின்றிப் பேசலாம்.

விழுந்த பிறகு: அழைப்புக் கருவி

எல்லாம் செய்தும் விழுவது உண்டு. விழுந்த அடியைவிட, எழ முடியாமல் மணிக்கணக்கில் தரையில் கிடப்பது சில நேரம் பெரிய கேடு. ஒரே பக்கம் அழுந்திய தசை சிதைந்து சிறுநீரகத்தைத் தாக்கும், தோல் புண்ணாகும், நீர்ச்சத்து வற்றும். அழைப்புக் கருவி விழுவதைத் தடுக்காது. கிடக்கும் நேரத்தைக் குறைக்கும்.

தானே கண்டுபிடித்து அழைக்கும் கடிகாரத்துக்குள் இருப்பது முடுக்கமானி, அதாவது வேக மாற்றத்தை அளக்கும் சில்லு. போனைச் சாய்த்தால் திரை திரும்புகிறதே, அதுவும் இந்தச் சில்லின் வேலைதான். திடீர் இறக்கம், பலமான மோதல், அதன்பின் அசைவின்மை என மூன்றும் அடுத்தடுத்து வந்தால் விழுந்ததாக அது கணிக்கிறது. ஆகவே கட்டிலோரத்திலிருந்து மெல்லச் சரிந்து தரையில் உட்கார்ந்துவிட்டவரை அது கவனிக்காமல் விடலாம். மேஜையில் ஓங்கித் தட்டினால் விழுந்ததாகவும் நினைக்கலாம். எப்படியும் கையால் அழுத்தும் பொத்தான் கூடவே வேண்டும்.

மலிவான வழி, மின்சாதனக் கடைகளில் கிடைக்கும் கம்பியில்லா அழைப்பு மணி. பொத்தானை நின்றால் எட்டும் உயரத்தில் ஒட்டாதீர்கள். விழுந்து கிடப்பவருக்கு எட்ட வேண்டும்: குளியலறையில் தரையிலிருந்து ஓரடி உயரத்தில், தண்ணீர் நேராகப் படாத மூலையில் ஒன்று, கட்டில்காலை ஒட்டி ஒன்று. மணி ஒலிக்கும் பெட்டி பிளக்கில் செருகும் வகையாக இருந்தால் மின்வெட்டில் ஊமையாகிவிடும். பேட்டரியில் ஓடுவதை வாங்குங்கள். தனியாக இருப்பவருக்கு மணி போதாது, போன் அழைப்பு போகும் கருவி தேவை. அதில் முதல் எண் நடந்து வரும் தூரத்தில் இருக்கிறவருடையதாக இருக்கட்டும், அமெரிக்காவிலுள்ள மகனுடையது மூன்றாவதாக வரட்டும். அந்த முதல் ஆளிடம் வீட்டுச் சாவி ஒன்றும் இருக்க வேண்டும்.

மாதம் ஒருமுறை, முதல் தேதி என்று வைத்துக்கொள்ளுங்கள், பொத்தானை அழுத்திப் பாருங்கள். நீங்கள் அழுத்த வேண்டாம், அவரே அழுத்தட்டும். முடிந்தால் தாழ்ந்த ஸ்டூலில் உட்கார்ந்து, இடது கையால். யார் எடுக்கிறார்கள், எத்தனை நிமிடத்தில் கதவு திறக்கிறது என்று கடிகாரத்தைப் பார்த்துக் குறித்துவையுங்கள்.